வில்லுக் கரத்தையில் ஒரு செம்புத் தண்ணீர்

என் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது பேசிக்கொள்வார்கள். நடுவில் நான் இருந்தேன். எதிரெதிரே நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒங்கப்பன்கிட்ட சொல்லு என்று மாமாவும், ஒம் மாமன்கிட்ட கேளு என்று அப்பாவும் என்னைப் பார்த்தே பேசுவார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே மற்றவர் பதில் சொல்லி முடித்திருப்பார். ஒன்பது வயதில் எனக்கு அதில் பெருமைதான். நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் ஓடாது என்று நம்பியிருந்தேன்.

ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே, இன்றைக்குத் தேயிலை மூடிக் கிடக்கும் மலையெல்லாம் அப்போது கோப்பிக் காடு. அப்பா தோட்டத்துக் கொல்லர். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் மக்கர் பண்ணினால் ஓட வைப்பதும், மண்வெட்டிக்கு வாய் தட்டிக் கொடுப்பதும் அவர் வேலை. மாமா அம்மாவின் அண்ணன், கரத்தைக்காரர்; மாட்டு வண்டியை நாங்கள் கரத்தை என்போம். கோப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போவார், அரிசி மூட்டைகளோடு திரும்புவார். தங்கையைக் கல்யாணம் கட்டிக் கடல் தாண்டி இழுத்து வந்துவிட்டான் என்று அப்பாமேல் அவருக்குக் கோபம். அவரும் அதே கடலைத் தாண்டித்தான் வந்திருந்தார். அதை அவருக்கு யாரும் நினைவுபடுத்துவதில்லை.

பழம் மும்முரமாக வந்துகொண்டிருந்த நேரம், கோப்பி கழுவும் தொட்டியின் கரையில் அம்மா வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முறிந்த முனை தோலைக் கிழித்துவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, எலும்பைப் பற்றித் தனக்குக் கவலையில்லை, புண்தான் பயமாக இருக்கிறது என்றார். அது கறுப்பதற்குள் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் காலை எடுக்க வேண்டி வரும், அதற்கும் மேலே போனால் காலோடு நிற்காது என்று அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

மறுநாளே மாமாவின் கரத்தையில் வைக்கோல் பரப்பி அம்மாவைக் கிடத்தினார்கள். தோட்டத்தின் இரண்டாவது வளைவைக்கூடத் தாண்டவில்லை. சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும்போது அம்மா போட்ட சத்தம் மேல் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. இரண்டாவது வளைவில் அவள் மயங்கிப்போனாள். திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் காதைப் பொத்திக்கொண்டு கோப்பிச் செடிகளுக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். பெற்ற தாயை விட்டு ஓடியவள் என்று என்னையே நான் பல வருஷம் திட்டியிருக்கிறேன்.

தூளி கட்டித் தூக்கிப் போவதென்றால் மாற்றாளோடு எட்டுப் பேர் வேண்டும். பழக்காலத்தில் துரை எட்டுப் பேரைத் தருவாரா? போய்க் கேட்ட அப்பாவிடம், பழைய இரும்புக் குவியலில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஆள் மட்டும் கேட்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். துரை அதை ஒரு பேச்சுக்குச் சொன்னார். அப்பா அதை வரம் கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே மாமாவின் கரத்தையைக் கொல்லுலைக்கு முன்னால் நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, அச்சை மட்டும் தனியே வைத்தார். கண்டியில் பெரிய துரைமார் போகும் வண்டிகளில் பெட்டி நேராக அச்சில் உட்காராது. நடுவில் வளைந்த இரும்பு வில் இருக்கும், குழிக்கும் கல்லுக்கும் அந்த வில் வளைந்து கொடுக்கும் என்று அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி. தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு சாண் வில்கூட அடித்தவரில்லை.

முதலில் கோப்பிப் பீப்பாய்களைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டைகளை வளைத்து அடுக்கினார். மேலே பெட்டியை ஏற்றியதும் பட்டையெல்லாம் படுத்துவிட்டன, எழுந்திருக்கவேயில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த மாமாவுக்கு அவல் கிடைத்தது. ஊசி நுழையாத இடத்தில் உலக்கையை விடுகிறான் உன் அப்பன் என்று என்னிடம் சொன்னார். அப்பா திரும்பவும் இரும்புக் குவியலுக்குள் இறங்கினார்.

அடியில், காடு வெட்டிய காலத்து ரம்பம் ஒன்று கிடந்தது. இரண்டு ஆள் நின்று இழுக்கும் நீள ரம்பம். பல்லெல்லாம் தேய்ந்திருந்தாலும், ஒரு முனையை மிதித்து மறு முனையைத் தூக்கிவிட்டால் பழையபடி நிமிர்ந்து நின்றது. அப்பா அதை மூன்று தடவை வளைத்துப் பார்த்தார். அம்மா விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ரம்பத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டு, இளகியதும் உளியால் பட்டை பட்டையாக வெட்டினார். நீளமான பட்டைக்கு மேல் அதைவிடக் குட்டை, அதற்கு மேல் இன்னும் குட்டை என்று வளைத்து அடுக்கினார். திரும்பவும் முறுக்கு ஏற வேண்டுமென்றால் சிவந்த பட்டையைச் சட்டென்று குளிர வைக்க வேண்டும். முதல் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தார். ஓசையேயில்லாமல் நடுவில் ஒரு மயிர்க்கோடு ஓடியது. சுத்தியலால் தொட்டதும் இரண்டாகிவிட்டது. எண்ணெயில் தோய்த்தால்தான் வெடிக்காது. ஆனால் பட்டை முழுகும் அளவுக்கு எண்ணெய் எங்கே இருக்கிறது?

நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. எல்லார் வீட்டிலும் விளக்குக்கென்று எடுத்து வைத்திருந்த எண்ணெய் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் வளைவில் அம்மா போட்ட சத்தத்தை அவர்களும் கேட்டிருந்தார்கள். ஒரு கரண்டி, அரைக் கரண்டி, விளக்கிலேயே ஊற்றியிருந்ததைத் திரி எடுத்துவிட்டுக் கவிழ்த்தது என்று வாளி நிறைந்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் லயத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. சாமி கோபித்துக்கொள்ளாதா என்று நான் கேட்டதற்கு, கோபம் வந்தால் கொல்லுலைக்கு வந்து கேட்கட்டும் என்று அப்பா சொன்னார்.

எண்ணெயில் தோய்த்த பட்டையை மறுபடி நெருப்புக்கு மேலே காட்டினார். மேலே ஒட்டியிருந்த எண்ணெய் குப்பென்று பற்றி, நீலமாக எரிந்து, அடங்கியது. அப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவை அடங்கும்போதும் அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

வில் ஆயிற்று, இனி இறக்கத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹுன்னஸ்கிரியாவிலிருந்து தெல்தெனிய வரைக்கும் மலைப்பாதை கீழே கீழே என்றே போகும். மாமா எப்போதும் ஒரு சக்கரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி, அது சுழலாமல் தேய்ந்துகொண்டே வர, வண்டியை இறக்குவார். அப்போது வண்டி உதறுகிற உதறலுக்கு வில்லும் பதில் சொல்லாது. ஆகவே அப்பா ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் கனமான மரத் தடைக்கட்டை வைத்து, பின்னால் நடந்துகொண்டே ஒரு கைப்பிடியால் அழுத்துகிற மாதிரி செய்தார். அழுத்தினால் சக்கரம் உதறாமல் அடங்கியது. ஆனால் நீள இறக்கத்தில் கட்டை சூடேறிப் புகைந்தது. புகைந்தால் அடுத்தது நெருப்பு. கட்டை கருகிவிட்டால் பிடியும் போய்விடும்.

சாணைக்கல்லுக்கு மேலே தண்ணீர்க் கலயம் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கும்; கத்தி சூடாகாமல் இருப்பதற்கு. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு யோசனை வந்தது. பழம் உரிக்கும் இயந்திரத்தின் உருளையில் சுற்றித் தேய்ந்துபோன செப்புத் தகட்டை எடுத்து ஒரு தொட்டி செய்தார். அந்தத் தகடு முழுக்கப் பொத்தல். நான் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் தொட்டுக் காட்டினேன்; அவர் ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அடைத்தார். தொட்டியிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் இரண்டு தடைக்கட்டைகளுக்கும் போயின. திருகைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக விழும். மேட்டில் மூட வேண்டும், இறக்கத்தில் திறக்க வேண்டும். அந்தத் திருகு என் பொறுப்பு என்றார்.

பிறகு சோதனை. அம்மாவின் இடத்தில் என்னையும் ஒரு கோப்பி மூட்டையையும் படுக்க வைத்தார். கால் வருகிற இடத்தில், துணிச் சும்மாட்டின் மேல் ஒரு பித்தளைச் செம்பை வைத்துக் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். கல் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்து செம்பைப் பார்ப்பார். முதல் தடவை பாதி இல்லை. ஒரு பட்டையைக் கழற்றினார். அடுத்த தடவை கால் செம்பு போயிற்று. பட்டைகளுக்கு நடுவே பழைய வார்த் தோலை வைத்தார். ஐந்தாவது தடவை ஒரு கைத் தண்ணீர்தான் குறைந்திருந்தது.

மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார். அவருக்குத் தெல்தெனியவில் ஒரு சிங்கள வைத்தியரைத் தெரியும். எலும்பு கட்டுவதில் கெட்டிக்காரர், மாமாவின் கையையும் அவர்தான் கட்டினார். அந்த வைத்தியரே இந்தப் புண்ணைப் பார்த்தால் கண்டிக்குப் போ என்பார் என்று மருந்துக்காரர் சொல்லியும் மாமா கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலகையில்தான் திரும்புவார்கள் என்பது அவர் கட்சி.

"ஒங்கப்பன்கிட்ட சொல்லு. மாடு என்னுது. இந்தச் செம்புல பாதி கொறஞ்சா, அந்த எடத்துலயே நான் நிறுத்துவேன். தெல்தெனியவோட சரி. கண்டிக்கு என் தங்கச்சிய இழுத்தடிச்சுச் சாவடிக்க விடமாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்து, சரி என்று சொல்லு என்றார்.

விடியற்காலையிலேயே கிளம்பினோம். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. காலில் போட்ட கட்டிலிருந்து வாடை வரத் தொடங்கியிருந்தது. மாமா முன்னால் மாடுகளின் தலைக்கயிற்றைப் பிடித்து நடந்தார், அப்பா பின்னால் தடைக்கைப்பிடியோடு நடந்தார். வெயிலும் தூசியும் படாமலிருக்க, இரண்டு பேருக்கும் வண்டிக்குள்ளே தெரியாதபடி சாக்குத் தொங்கியது. உள்ளே அம்மா, செம்பு, தொட்டி, நான். எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான். ஒவ்வொரு மைல்கல்லிலும் அப்பா "தண்ணி?" என்று கேட்பார். செம்பைப் பார்த்து நான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் மைல்கல்லில் "இருக்கு" என்றேன். உண்மையிலேயே இருந்தது. பெட்டி மெல்ல எழும்பி மெல்ல இறங்கியது. முதல் வளைவும் இரண்டாவது வளைவும் போயின. அம்மா சத்தம் போடவில்லை. எனக்கு எழுந்து நின்று லயத்தைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பா ஜெயித்துவிட்டார்.

இரண்டாவது மைல்கல்லைத் தாண்டியதும் மழை அறுத்துப்போட்ட ஒரு பள்ளம். வலது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. செம்பிலிருந்து தண்ணீர் எழும்பிக் கொட்டி என் பாவாடையை நனைத்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அம்மா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே விழுந்துவிடாமல் இருக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அவள் மூச்சு விடவில்லை. பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"தொட்டியில இருந்து எடுத்து ஊத்து."

தொட்டித் தண்ணீரைத் தொடக்கூடாது, அது சக்கரத்துக்கு என்று அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"ஊத்து புள்ள. ஒங்கப்பா கேட்டா இருக்குன்னு சொல்லு. அது பொய் இல்ல. இருக்குதானே."

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமாவை ஏமாற்றப் போகிறோம். அம்மா அண்ணன் பக்கமில்லை, அப்பா பக்கம். இதைவிட நல்ல விளையாட்டு எனக்கு அதுவரை யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. சிரட்டையால் மொண்டு, கழுத்து வரைக்கும் அளவு பார்த்து ஊற்றினேன். அடுத்த மைல்கல்லில் "இருக்கு" என்று நான் சொன்ன குரலில் அவ்வளவு உற்சாகம் இருந்தது. முன்னாலிருந்து மாமா திரும்பிப் பார்த்தார்.

பள்ளம் வந்தது, ஊற்றினேன். மதகு வந்தது, ஊற்றினேன். கல் பெயர்ந்த இடங்களில் ஊற்றி முடிப்பதற்குள் மறுபடி சிந்தியது. அம்மா முந்தானை முனையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். ரோட்டுத் தூசிக்காக என்று நானும் என் பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் தூசிதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பாதி இறக்கத்தில் ஒரு ஓடை உண்டு. தொட்டியை அங்கே நிரப்புவதென்று முன்பே பேசி வைத்திருந்தது. அப்பா பின்னாலிருந்து, தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்தேன். கால்வாசிகூட இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் குச்சியை விட்டு அளந்து பார்ப்பார். தண்ணீர் எங்கே போயிற்று என்பார். மாமா காதில் விழும். அம்மா கண்ணை மூடியிருந்தாள். அவளைக் கேட்கவும் வழியில்லை.

"பாதிக்கு மேல இருக்குப்பா" என்றேன்.

சரிவில் மாட்டை நிறுத்தித் திரும்பக் கிளப்புவது பெரிய பாடு. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஓடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்ல, நான் மாமாவிடம் சொல்ல, வண்டி நிற்காமல் போயிற்று. அதுதான் நான் சொன்ன உண்மையான பொய். மற்றதெல்லாம் அம்மா கணக்கில் சேரும்.

அதற்குப் பிறகு வந்தது அந்தப் பாதையிலேயே செங்குத்தான இறக்கம். இடது பக்கம் மலை, வலது பக்கம் கீழே மரங்களின் உச்சி தெரிகிற பள்ளம். நான் திருகை முழுக்கத் திறந்தேன். குழாயிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. அப்புறம் காற்றுத்தான் வந்தது. முதலில் வாடை. அடுப்பில் ஈர விறகு வைத்த மாதிரி. பிறகு சாக்கின் இடுக்கு வழியாகப் புகை உள்ளே வந்தது.

அப்பா திருகைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். திறந்துதான் இருக்கிறது என்று நான் அழுதேன். வண்டி மாடுகளை முன்னால் தள்ளத் தொடங்கியது. அவற்றின் குளம்பு கல்லில் சறுக்குகிற ஓசை கேட்டது. மாமா நுகத்தடியில் முதுகைக் கொடுத்துப் பின்னால் சாய்ந்து தேய்ந்துகொண்டே போனார். ஒரு கட்டையில் நெருப்புப் பற்றிவிட்டது. வண்டியின் வலது பக்கம் பள்ளத்தை நோக்கி ஒதுங்கியது. நான் அம்மாவின் மேல் விழுந்தேன். காலிலா, வயிற்றிலா தெரியவில்லை. அப்போதும் அவள் சத்தம் போடவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமா, நான் பிறந்த பிறகு முதல் தடவையாக, அப்பாவை நேராகக் கூப்பிட்டார்.

"மச்சான்! கல்லு! கல்ல வையி மச்சான்!"

அப்பா கைப்பிடியை விட்டுவிட்டு, ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் ஒரு பாறைத் துண்டைத் தோளால் தள்ளினார். சக்கரம் அதன்மேல் பாதி ஏறி, யோசித்து, இறங்கி நின்றது. கட்டை எரிந்துகொண்டிருந்தது, சுவாலை வண்டிப் பெட்டியை நக்கியது, சாக்கின் நுனி கருகியது. அப்பாவின் கை உள்ளே வந்தது. தொட்டியைத் தட்டியது. வெறும் செப்பின் ஓசை கேட்டது. அந்தக் கை அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு கழுத்து வரைக்கும் நிறைந்திருந்த செம்பை எடுத்தது.

அவர் ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி கிளம்பி எல்லாரையும் மூடியது. ஆவி கலைந்தபோது நெருப்பில்லை. வலது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் ரோடு மிச்சமிருந்தது.

முதலில் பேசியவர் மாமாதான். மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே, மூச்சு வாங்க, அப்பாவைப் பார்த்தே சொன்னார்.

"ஒத்துக்கிறேன் மச்சான். என் கண்ணாலயே பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தும் செம்பு நெறஞ்சுதான் இருந்துச்சு. நீ மனுசன் இல்ல."

அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. நான் அப்பாவின் முகத்தில் வரப்போகிற சந்தோஷத்தைப் பார்க்கத் தலையை நீட்டினேன். அவர் காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சாக்கை விலக்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை முனை இன்னும் அம்மாவின் வாயில் இருந்தது. அதில் இரத்தம் இருந்தது. மேலே விழுந்தபோது நான்தான் அவள் உதட்டில் இடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்தேன்.

அப்பா அந்தத் துணியை அவள் வாயிலிருந்து மெல்ல எடுத்தார். "ஏ புள்ள" என்றார். அம்மா, வண்டி நல்லாத்தான் இருக்குங்க, போகலாம் என்றாள்.

அப்பா எரிந்த கட்டையைக் கழற்றிப் புரட்டி மாட்டினார். மாமா கீழே இறங்கி ஓடையைக் கண்டுபிடித்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டி நிறைந்தது. செம்பை மட்டும் அப்பா கவிழ்த்து, அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மைல்கற்கள் வந்தன. "தண்ணி?" என்ற கேள்வி வரவில்லை.

அங்கிருந்து பயணம் வேறு மாதிரி ஆகிவிட்டது. சாக்கை அப்பா கிழித்து எறிந்துவிட்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் வண்டியை நிறுத்தினார். அவரும் மாமாவும் ஒரு கழியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, தோளை வைத்து, பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். தெல்தெனிய வந்தது; மாமா மாட்டை நிறுத்தவேயில்லை. வைத்தியர் வீடு இருக்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. இரண்டு பேரும் நேராகவே பேசிக்கொண்டார்கள்.

திகனவில் மாட்டுக்கு ஓய்வு விட்டபோது, கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து வில்லைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேலை தம்பி. யார் செஞ்சது?" என்று கேட்டார். அப்பா, பழைய ரம்பம், சும்மா வளைத்து வைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆறு நாளாக அந்த வில்லைத் தவிர வேறு பேச்சுப் பேசாத மனிதர். எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று நான் சொன்னேன். மாமா அதை ஆமோதித்து இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

அந்தச் சேர்த்துச் சொல்லல் பல வருஷம் ஓடியது. அன்றைக்கு மகாவலி ஆற்றைப் படகில் தாண்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால் தப்பியது. ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. திகனக் கடைக்காரர் முதல் வில்லுக் கரத்தை செய்யச் சொன்னார், அப்பா கண்டியிலேயே பட்டறை போட்டார், நான் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தேன். ஹுன்னஸ்கிரியாவிலிருந்து கண்டி வரைக்கும் செம்புத் தண்ணீர் சிந்தாத வண்டி என்று மாமா போகிற வழியெல்லாம் சொன்னதில் ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். மாமா அந்தக் கதையைத் தொடங்கினால் போதும், அப்பா எழுந்துபோய்த் துருத்தியைப் பிடித்துக்கொள்வார். அவர் செய்த வண்டி ஒவ்வொன்றையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் தானே அதில் படுத்துக்கொண்டு கல் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வருவார். செம்பு வைத்துப் பார்க்க மாட்டார். புகழைத் தாங்கத் தெரியாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் எரிச்சல்கூட வந்திருக்கிறது.

என் கணுக்காலில் நாலு விரல் தடம் கன்றி, மஞ்சளாகி மறைய ஒரு மாதம் ஆயிற்று. அம்மாவுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

வண்டியில் போன அன்றைக்குக் குண்டசாலைக்கு முன்னால் இன்னொரு ஓடை வந்தது. ரோடு சமமாகிவிட்டது. மாமா முன்னால் ஏதோ பாடிக்கொண்டு நடந்தார். அப்பா பின்னால் நடக்காமல் பக்கத்தில் நடந்தார். ஒரு கையால் வண்டியின் விளிம்பையும் மறு கையால் அம்மாவின் கையையும் பிடித்திருந்தார். செய்த தப்பைச் சரிக்கட்டிவிடலாம் என்று நான் கவிழ்ந்து கிடந்த செம்பை எடுத்து, பாவாடையால் துடைத்து, நிரப்பித் தரச் சொல்லி அவரிடம் நீட்டினேன். இனிமேல் ஒழுங்காகப் பார்த்துச் சொல்கிறேன், பொய் சொல்லமாட்டேன் என்றேன்.

"வேணாம்மா" என்றார் அப்பா. "அது கவுந்தே கெடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

அவர் செம்பைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, அதனால்தான் வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்று நினைத்து, ஆறு வரும் வரைக்கும் நான் அழுதுகொண்டே போனேன்.